கடைசல் பட்டறை: ஒரு பழைய இயந்திரமும் அதன் முன்னோரும்



சென்ற பள்ளி விடுமுறையில் பழைய மரக் கடைசல் இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கினேன். கம்போங் ராஜாவில் என் வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் அது இப்போது நிற்கிறது. செய்தி தோட்டம் முழுவதும் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. "வாத்தியாருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று பெற்றோர் சிலர் நேரிலேயே கேட்டனர். ஒருவர் மட்டும் சற்றுத் தயங்கி, "சார், எங்கள் பிள்ளைகள் உளி பிடிக்கக் கூடாது என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறோம்" என்றார். அவர் கோபத்தில் சொல்லவில்லை. மூன்று தலைமுறை கொழுந்துக் கூடை சுமந்த குடும்பத்தின் அச்சம் அது. அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே, இந்த இயந்திரத்தின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். ஆசிரியருக்கு அதுதானே பழக்கம்!

தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தீயுண்டாக்கும் கருவிக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தீக்கடைகோல். வெண்ணெய்க்கும் நெருப்புக்கும் கட்டில் காலுக்கும் ஒரே வினைச்சொல் ஏன்? செயலைக் கண்ணால் பார்த்தவர்க்கு ஐயமே எழாது. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னுமாகச் சுழலும். பழைய கடைசல் பட்டறையிலும் இதே முறைதான். இரண்டு முளைகளுக்கு நடுவே மரத்துண்டைப் பொருத்தி, அதன்மேல் கயிற்றையோ தோல் வாரையோ சுற்றி இழுப்பார்கள். மத்து படுத்துக்கொண்டால் அது கடைசல் பட்டறை. பாற்கடலைக் கடைந்த கதையில் மந்தரமலை மத்தாகவும் வாசுகி கயிறாகவும் நின்று, இருபுறமும் தேவரும் அசுரரும் இழுத்ததைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அதையே ஒரு பெரிய பட்டறையாகக் கற்பனை செய்து பாருங்கள் என்று வகுப்பில் சொன்னேன். "அப்படியென்றால் உளி பிடித்தது யார் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை.

கயிறிழுக்கும் முறைக்கு ஒரு குறை உண்டு. மரம் ஒரு முறை கடைபவரை நோக்கிச் சுழலும். அடுத்த முறை அவரிடமிருந்து விலகிச் சுழலும். தம்மை நோக்கி வரும்போது மட்டுமே உளியை அழுத்த வேண்டும். விலகும்போது மெல்ல எடுத்துவிட வேண்டும். உழைப்பில் பாதி வீண். ஆயினும் அந்தப் பாதி ஓய்வுக்குள்தான் கையின் கணக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. இழுப்பவரின் மூச்சும் கடைபவரின் மணிக்கட்டும் ஒன்றுபடாவிட்டால் மரம் சிதறும். எகிப்தில் பெத்தோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்துப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஒருவன் வாரை இழுக்க, மற்றவன் உளி பிடிக்கிறான். கடைசல் வேலையை ஐயமின்றிக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களுள் ஒன்றாக ஆய்வாளர் இதனைக் கருதுவர். அதில் இருப்பவர் இருவர் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவர் மட்டுமே செய்யும் தொழிலாக இது தொடங்கவில்லை.

தமிழகத்தில் இத்தொழில் எவ்வளவு பழையது? பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் பாண்டியன் தேவியின் கட்டில் விரிவாக வருணிக்கப்படுகிறது. யானைத் தந்தத்தால் ஆன அக்கட்டிலின் கால்களில் குடம் போலத் திரண்ட பகுதியும், கீழே பூண்டைப் போன்ற அடிப்பகுதியும் இருந்தன என்கிறார் நக்கீரர். குடமும் பூண்டும் கடைசலுக்கே உரிய வடிவங்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய கட்டில் கால்களிலும் தொட்டில் கட்டைகளிலும் இவ்வடிவங்களைக் கண்டிருப்பீர்கள். கன்னட நாட்டுப் போசளர்களோ கல்லையே கடைந்தனர். 1117இல் நிறுவப்பட்ட பேலூர்க் கோயிலின் தூண்களில் காணும் வளையங்கள், மாக்கல்லைச் சுழலவிட்டு உருவாக்கப்பட்டவை என்பது அறிஞர் கருத்து. அத்தனை எடையுள்ள கல்லை எப்படிச் சுழற்றியிருப்பர் என எண்ணும்போது மலைப்பாக இருக்கிறது.

நம் தோட்டத்து மக்கள் எல்லாரும் அறிந்த கடைசல் பொருள் ஒன்றைச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில் நாம் கேட்கும் நாதசுரம்தான் அது! கும்பகோணத்திற்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை என்னும் சிற்றூரில் தலைமுறை தலைமுறையாக நாதசுரம் செய்யும் குடும்பங்கள் வாழ்கின்றன. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதசுரத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாதசுரத்தின் நீண்ட குழலுக்கு உலவு என்றும், கீழே விரிந்த வாய்ப்பகுதிக்கு அணசு என்றும் பெயர். உலவின் வெளிப்புறம் பட்டறையில் கடையப்படுகிறது. உள்துளையோ மேலே குறுகிக் கீழே விரியுமாறு நீண்ட கருவிகளால் குடையப்படுகிறது. உள்ளே மயிரிழை பிசகினால் சுரம் பிசகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வூர் ரங்கநாத ஆசாரி, நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்காகக் குழலின் அளவுகளை மாற்றி, சுத்த மத்தியமம் துல்லியமாக ஒலிக்கும் பாரி நாதசுரத்தை உருவாக்கினார். இன்று மேடைகளில் பெரிதும் கேட்பது அந்த வகைதான். இசை வரலாற்றில் வித்துவானின் பெயரை நாம் மனப்பாடமாகச் சொல்வோம். ஆசாரியின் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

மேலும் ஒன்று. நாதசுரத்திற்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் புதிய மரம் உதவாது. பழைய வீடுகள் இடிக்கப்படும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி, ஈரம் முற்றும் வற்றிய மரம்தான் நாதத்தைத் தாங்குமாம். "பழைய பொருளை வாங்கிவிட்டு வாத்தியார் பெருமை பேசுகிறார்" என்று சிரித்தவர்களுக்கு இதனைச் சொல்லி வைக்கிறேன்.

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். அங்கே இடைக்காலத்தில், உதவியாளுக்குப் பதில் மேலே வளையும் கழி ஒன்றைக் கட்டி, கீழே காலால் மிதித்துக் கடைந்தனர். அதிலும் முன்பின் சுழற்சிதான். 1480களில் லியொனார்டோ டாவின்சி வரைந்த குறிப்புகளில் மிதிகட்டையும் கனமான உருளையும் சேர்ந்த கடைசல் பொறி காணப்படுகிறது. உருளையின் வேகத்தால் மரம் ஒரே திசையில் இடைவிடாது சுழலும். உளியை இனி எடுக்க வேண்டியதில்லை. இங்கேதான் இரண்டாவது ஆள் பட்டறையிலிருந்து வெளியேறுகிறார். 1800ஐ ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே இரும்பில் துல்லியமான திருகு மரைகளை வெட்டும் கடைசல் இயந்திரத்தை அமைத்தார். அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த், ஆளுக்கோர் அளவில் மரை வெட்டும் குழப்பத்தைத் தீர்க்க 1841இல் ஒரே தரத்தை முன்மொழிந்தார். அதில் மரையின் கோணம் 55 பாகை. அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 பாகைக் கோணத்தை முன்வைத்தார். ஐந்து பாகை வேறுபாடு நமக்கென்ன என்று கேட்காதீர்கள். என் கொட்டகைக்கு அந்த ஐந்து பாகை பின்னால் வந்து சேரும்.

பள்ளிக்குள் உளி நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். சுவீடனின் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் 1870களில் ஆசிரியர்களுக்கு மரவேலைப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கமன்று. கையும் கண்ணும் சேர்ந்து சிந்திக்கும் பிள்ளைகளை உருவாக்குவதே நோக்கம். காந்தியடிகள் 1937இல் வார்தா கல்வித் திட்டத்தில் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்ததையும் நாம் அறிவோம். இங்கிலாந்தில் ஹாரிசன் நிறுவனம் பள்ளிப் பட்டறைகளை மனத்திற்கொண்டே வார்ப்பிரும்பில் உறுதியான மரக் கடைசல் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றது. அதன் பெயர் 'கிராஜுவேட்', அதாவது பட்டதாரி. பிள்ளைகள் பட்டதாரி ஆக வேண்டுமென விரும்பும் பெற்றோர் கவனிக்க! பள்ளிகள் கழித்துவிட்ட அந்தப் பட்டதாரிகளைப் பிரிட்டனில் மரம் கடைவோர் இன்றும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

மலாயாவுக்கு வந்த நம்மவர் கதை வேறு. ஆசாரிகள் ஒருவரும் வரவில்லை என்பதன்று. பட்டணங்களில் தச்சரும் பொற்கொல்லரும் இருந்தனர். ஆனால், கங்காணி ஊர் ஊராகத் தேடியது காடு வெட்டவும் பால் மரம் சீவவும் கொழுந்து பறிக்கவுமான கைகளை. 1929இல் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுத் தேர்ந்த மில்ன் அவருக்குத் துணை. காடழித்த ஆரம்ப நாள்களில் கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளையும் தவிர மற்றதெல்லாம் மனிதக் கை. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும் வரை அந்தக் கைகள் வந்துகொண்டிருந்தன. அக்கைகளில் உளிப்பழக்கம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் தோட்டத்திற்கு இல்லை.

ஒரே ஓர் இடம் விதிவிலக்கு. தேயிலை ஆலைக்கு அரைக்கும் உருளைகளும் உலர்த்திகளும் வேண்டும். அவை பழுதாகும். கீழே பட்டணத்திலிருந்து உதிரிப்பாகம் வரும் வரை பறித்த கொழுந்து காத்திருக்காது. ஆகவே ஆலைக்குப் பக்கத்தில் பட்டறை. பட்டறையில் இரும்பு கடையும் 'லேத்'. நம் ஆள்களில் சிலர் அங்கே எடுபிடியாக நுழைந்து, பார்த்தே தொழில் கற்றனர். அப்படிக் கற்ற பெரியவர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர். ஒரு சீன மேஸ்திரியிடம் மூன்று ஆண்டுகள் எண்ணெய்த் துணி பிடித்து நின்ற பிறகுதான் கைப்பிடியைத் தொட விட்டாராம். தம் மகனைப் பட்டறைப் பக்கமே அண்டவிடவில்லை என்பதையும் அவரே சொன்னார்.

நாடு விடுதலை பெற்றபின் நிலைமை மாறியது. 1965இல் ஒருங்கிணைந்த கல்வி முறை வந்தபோது, கீழ் இடைநிலை வகுப்புகளில் தொழிற்கலையும் ஒரு பாடமாயிற்று. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியே சென்ற பிள்ளைகளில் பலர் முதன்முதலில் இழைப்புளியையும் அரத்தையும் தொட்டது அங்கேதான். பின்னர் வாழ்வியல் திறன் வந்தது. தொடக்கப்பள்ளியில் 2014 முதல் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்தது. பாடங்கள் மாறும்போது பட்டறைகளும் மாறுவது இயல்பு. பழைய இயந்திரங்கள் கழிக்கப்படும், ஏலத்தில் போகும், பழைய இரும்புக் கடையில் ஒதுங்கும். ஈப்போப் பக்கம் அத்தகைய கடை ஒன்றில்தான் இதனைக் கண்டேன். ஒரு காலத்தில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் இருந்ததென்று மட்டும் கடைக்காரர் சொன்னார். பக்கவாட்டில் யாரோ ஒரு மாணவன் ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் அதனை உறுதிப்படுத்தின.

பெரியவரை உடன் அழைத்துச் சென்றேன். அவர் இயந்திரத்தைச் சுற்றிவந்த விதத்தைப் பார்த்தால், மாடு பிடிக்கும் சந்தை நினைவுக்கு வரும். முதலில் ஸ்பிண்டிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். ஆட்டம் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது. பிறகு டெயில்ஸ்டாக்கைத் தள்ளிவந்து, இருபக்கத்துக் கூர்முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா எனப் பார்த்தார். சந்தித்தன. பெட்டின் மேல் துருவை நகத்தால் சுரண்டினார். "இது தோல் நோய்தான், வாத்தியாரே. எலும்புக்குப் போகவில்லை" என்றார். டூல் ரெஸ்டில் உளி விழுந்து விழுந்து பல் பல்லாகப் பள்ளங்கள்; அரத்தால் தேய்த்தால் போதும் என்றார். கடைக்காரர் "நன்றாக ஓடும்" என்று சத்தியம் செய்தார். ஓட்டிக்காட்ட இயலவில்லை, மோட்டார் மும்முனை மின்சாரத்திற்கு உரியது, அந்தக் கடையிலோ ஒருமுனைதான். பழைய பள்ளி இயந்திரம் வாங்க நினைப்போர் இதனை முதலில் கவனிக்க வேண்டும். வீட்டில் ஓட்ட வேண்டுமானால் மோட்டாரையே மாற்றுவது அல்லது இடையில் இன்வெர்ட்டர் வைப்பது என இரண்டே வழிகள். நான் மோட்டாரை மாற்றினேன். விலை பேசும்போதே அச்செலவைக் கழித்துப் பேசத் தெரியாமல் போனது என் தவறு.

அடுத்து அவர் சட்டைப் பையிலிருந்து மரை அளக்கும் தகடுகளை எடுத்தார். ஸ்பிண்டில் ஓர் அங்குலத் தடிமன். அங்குலத்திற்கு எட்டு மரை. "இங்கிலீஷ்காரன் செய்ததா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் விட்வொர்த் தகட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இடுக்கில் ஒளி தெரிந்தது. 60 பாகைத் தகட்டை வைத்தார், ஒளி மறைந்தது. ஓர் அங்குலத்தில் இரு நாட்டு மரைகளுக்கும் எண்ணிக்கை எட்டுதான். கோணம் மட்டும்தான் வேறு. ஆகவே இது விட்வொர்த்தின் வழி வந்ததன்று, செல்லர்ஸின் வழி. அமெரிக்கச் சந்தைக்காகத் தைவானில் செய்யப்பட்டவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. பெயர்த் தகடு இல்லாத இயந்திரத்தின் பிறப்புச் சான்றிதழ் அதன் மரையில் இருக்கிறது! 1972இல் எடை அளவுச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறிய நாட்டில், அங்குல மரையுடன் ஒரு பள்ளி இயந்திரம் எவ்வளவு காலம் உழைத்திருக்கிறது பாருங்கள்.

இது வெறும் ஆர்வத்திற்கான செய்தி அன்று. மரத்தைக் கவ்வும் சக் வாங்கும்போது மரை பொருந்தாவிட்டால் பணம் பாழ். இப்போது வரும் பெரிய இயந்திரங்களில் 33 மில்லிமீட்டர் மரை பரவலாக உண்டு. அதற்கான சக் என் ஸ்பிண்டிலில் ஏறாது. டெயில்ஸ்டாக்கின் உள்ளே இருந்த சரிவுத் துளை மட்டும் எங்கும் கிடைக்கும் இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர். 1860களில் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த அளவு. இன்று வாங்கிய சென்டரும் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மரை மாறினாலும் இது மாறவில்லை. மோர்ஸுக்கு ஒரு நன்றி.

துணைக்கருவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்தோடு ஒரு ஃபேஸ் பிளேட்டும், சுழலாத பழைய சென்டர் ஒன்றும், ஆறு உளிகளும் வந்தன. சுழலாத சென்டர் உராய்ந்து மரத்தைக் கருக்கும். மெழுகு தடவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே பேரிங் வைத்த புதிய சென்டர் வாங்கினேன். நான்கு தாடைச் சக் புதிதாக வாங்கியதில் இயந்திரத்திற்குக் கொடுத்ததைவிடச் சற்றுக் கூடுதலாகவே போயிற்று. உளிகளைப் பெரியவர் சாணைக்கல்லில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரண்டில் பொறி வெண்மையாகக் கிளைவிட்டுச் சிதறியது. அவை பழைய கார்பன் எஃகு. நான்கில் பொறி மங்கிய சிவப்பாக, கிளையின்றி விழுந்தது. அவை அதிவேக எஃகு, சூட்டைத் தாங்கும். கார்பன் உளிகளின் முனை நீலம் பாய்ந்திருந்தது. முன்பு யாரோ அவசரமாகச் சாணை பிடித்து எஃகின் உயிரைப் போக்கிவிட்டிருக்கிறார்கள். நீலம் போகும் வரை தேய்த்து, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அவற்றை மீட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கற்றதை எந்தப் பயிலரங்கிலும் கற்றதில்லை.

சிம்பாங் பூலாய்ச் சாலை வழியே லாரியில் மலையேற்றிக் கொண்டுவந்தோம். அச்சாலை இல்லாத பழைய காலமாயிருந்தால் தாப்பாவுக்கு இறங்கிச் சுற்றி வந்திருக்க வேண்டும்.

பெற்றோர் அஞ்ச வேண்டாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எவரையும் இயந்திரத்தைத் தொட நான் விடுவதில்லை. தரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறேன். அதற்கு அப்பால் நின்று பார்க்கலாம். தொங்கும் சட்டைக் கை, கழுத்துக் கயிறு, விரித்த கூந்தல் ஆகியவற்றுடன் எவரும் அருகே வரக் கூடாது. கடைபவர் முகக்கவசம் அணிந்தே ஆக வேண்டும். பெரியவர் முதலில் மறுத்தார், பிறகு பிள்ளைகளுக்காக அணிந்தார்.

முதலில் கடைந்தது பம்பரம். கொய்யா மரத்துண்டு, பள்ளித் தோட்டத்தில் விழுந்த கிளை, ஓராண்டாகக் கொட்டகையில் காய்ந்தது. பெரியவர் வாழ்நாள் முழுதும் கடைந்தது இரும்பு. மரத்தில் உளி வைத்த முதல் நொடியில் கொஞ்சம் திகைத்தார். இரும்பில் கருவியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும், இங்கே கைதான் பிடிக்க வேண்டும். இரண்டு துண்டுகள் பாழாயின. மூன்றாவதில் சுருள் சுருளாகச் சீவல் பறந்து அவர் தோளில் விழுந்தது. அவருடைய பேரன் கோட்டின் மேல் நின்றிருந்தான். என் வகுப்பு மாணவன்தான். தாத்தாவுக்கு இது தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாதாம்.

பம்பரம் சுற்றியது, சற்றுத் தள்ளாடியது. ஆணி நடுவில் இறங்கவில்லை என்று பெரியவர் குறை சொன்னார். பையன் ஒப்பவில்லை. அன்று மாலை, உளி வேண்டாம் என்று முதலில் தயங்கிய அந்தத் தந்தையும் வந்து கோட்டுக்கு அப்பால் சிறிது நேரம் நின்றார். ஒன்றும் பேசவில்லை. போகும்போது, பேராக்கிலிருக்கும் தம் மைத்துனர் வீட்டில் வெட்டிப்போட்ட பால் மரம் இருக்கிறதே, அது இதற்கு ஆகுமா என்று கேட்டார். உடனே அறுத்து மருந்திடாவிட்டால் பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும், சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்றேன். அடுத்த சனிக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.